நேரத்தோடு வந்த கெட்ட செய்தி

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்துதான் இந்தச் சாட்சியைத் தொடங்க வேண்டும்.

என் கணவர் வாகரையில் மீன் பிடிக்கிறவர். போன வருஷம் அவருடைய இடுப்பு வலிக்காக இந்தச் சபை ஜெபித்தது. இரண்டு கிழமை, பதினாலு நாளும் வலி இல்லை. இதே இடத்தில் நின்று, கர்த்தர் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னார். மூன்றாம் கிழமை வலி திரும்ப வந்தது. சாட்சி சொன்ன வாயால் அதை எப்படிச் சொல்வது? நான்தான் பாமசியில் வலிக்கு மருந்துக் குளிசை வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு, சில நாள் மூன்று. அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

இந்த மாரியில் அவருக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. இரண்டு நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. அம்புலன்சில் டவுனுக்குக் கொண்டுபோனோம். உடனே ஒப்பரேஷன் என்றார்கள். வழமையாக ஏதும் மருந்து எடுக்கிறவரா என்று என்னிடம் கேட்டார்கள். எங்கள் ஜெபக் குழுவை நடத்தும் எஸ்தர் அக்கா பக்கத்தில் நின்றார். இல்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஒப்பரேஷன் முடிந்தது. கெட்ட செய்தி எதுவும் என் காதில் விழக்கூடாது ஆண்டவரே என்று வாட்டுக்கு வெளியே முழங்காலில் நின்றேன். புதன் காலை இரத்தம் சோதித்து, கிட்னி நன்றாக இருக்கிறது என்றார்கள். எஸ்தர் அக்கா போனிலேயே சபைக்குச் சொல்லி ஸ்தோத்திரம் செய்தார்.

மத்தியானம் ஒரு பெண் டொக்டர் வந்தார். ஒப்பரேஷன் செய்துகொண்டவர்களின் கிட்னிக்கு வரும் ஆபத்தை முன்கூட்டியே அறிய, அங்கே புதிதாகச் சிறுநீரைச் சோதித்து வந்தார்கள். கிட்னி அடிபட்டால் சிறுநீரில் கூடும் ஒரு புரதம் என் கணவருக்கு அதிகமாக இருக்கிறதாம். எனக்குக் கோபம் வந்தது. காலையில் நல்லது என்றீர்கள், இப்போது இப்படிச் சொல்கிறீர்கள், எதை நம்புவது என்று ஏசிவிட்டேன்.

“அம்மா, ரத்தத்தில தெரிய இன்னும் ஒண்டு ரெண்டு நாள் போகும். இது முந்திச் சொல்லுது. வீட்டில வலிக் குளிசை ஏதும் போட்டவரா? அதே சாதி மருந்துதான் இப்ப வலிக்குப் போடுற ஊசியிலயும் போகுது.”

எஸ்தர் அக்கா என் முகத்தைப் பார்த்தார். மானம் போனாலும் மனுஷன் வேணும் என்று தோன்றியது.

“ஓம் டொக்டர், கனகாலமாப் போடுறார். நான்தான் வாங்கிக் குடுத்தன். மறைச்சுப்போட்டன்.”

அந்த ஊசியை உடனே நிறுத்தினார்கள். சேலைனை மாற்றினார்கள். மணிக்கு மணி சிறுநீரை அளந்தார்கள். வியாழன் மாலை இரத்தமும் அதையே சொன்னது. வெள்ளிக்கிழமை முழுவதும் சிறுநீர் சேரும் பையில் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை அளவுகூட இல்லை. முகம் வீங்கி, என்னையே யாரென்று தெரியாமல் பிதற்றினார். இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினுக்கு ஆயத்தம் செய்தார்கள். அன்று நான் செய்த ஜெபத்தில் அழகான வார்த்தை ஒன்றும் இல்லை. என் பொய்க்கு அவரைத் தண்டிக்காதேயும் என்று மட்டும் கேட்டேன்.

ஞாயிறு காலை, நீங்கள் இங்கே ஆராதனையில் இருந்த நேரம், சிறுநீர் இறங்கத் தொடங்கியது. மெஷின் தேவைப்படவில்லை. அந்த ஊசி இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று டொக்டரிடம் கேட்டேன். அதை இனி யோசிக்க வேண்டாம் என்றார்.

கிட்னி பழையபடி முழுதாக வரவில்லை. மாதாமாதம் கிளினிக் போகிறோம். இடுப்பு வலியும் இருக்கிறது, இப்போது அதற்குக் குளிசையும் இல்லை.

கெட்ட செய்தி வேண்டாம் என்று கேட்டேன். கர்த்தர் அதை நேரத்தோடு அனுப்பினார். எனக்குக் கிடைத்த பதில் அதுதான், அதற்காக அவரைத் துதிக்கிறேன். பிரியமானவர்களே, அவரை நம்புங்கள், ஜெபியுங்கள், வலி திரும்ப வந்தால் வந்தது என்று வாய் திறந்து சொல்லுங்கள். என் கணவர் இன்று வெட்கத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் உங்களில் யாராவது வீட்டுக்கு வந்து, இடுப்பு வலி எப்படி என்று அவரிடம் கேளுங்கள்.