அத்தை விழுந்த முதல் குழி

பிள்ளைகளா,

போன ஐப்பசி மழையில், வாலிநோக்கத்து நம் வீட்டு முன்னறையில் நடந்தது இது. நீங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். ஆனாலும் எழுதுகிறேன். அத்தை டிவியில் கேம் விளையாடினாள், நாம் எல்லோரும் கத்தினோம் என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நான் எவ்வளவு பெரிய தப்பிலிருந்து தப்பினேன் என்பது தெரியாது. எனக்கு ஒன்பதாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திவிடு. சின்னவன் சிரிக்காதே.

முதலில் பழைய கதை. எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது எங்கள் மாமா ஒரு டிவி கேம் பெட்டி வாங்கி வந்தார். நம் வீட்டில் அதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. வெயில் காலம் முழுக்க உப்பளத்தில் வேலை. அப்போது பெட்டி பரண்மேல் இருக்கும். மழை இறங்கி பாத்தியெல்லாம் தண்ணீரில் முங்கி, இனி உப்பு எடுக்க முடியாது என்று ஆன பிறகுதான் எங்கள் அய்யா, உங்கள் தாத்தா, அதை இறக்கிக் கொடுப்பார். அதனால் எனக்கும் என் அக்காவுக்கும், அதாவது உங்கள் அத்தைக்கும், மழைக்காலம் என்றால் கேம் காலம். இன்றைக்கும் முதல் மழை வாடை அடித்தால் என் கட்டைவிரல் தானாகத் துடிக்கும்.

பரணிலிருந்து இறக்கும்போது கேசட்டின் பித்தளைப் பல்லெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். உப்புக் காற்று எதை விட்டது? மற்ற ஊர்ப் பிள்ளைகள் கேசட்டை வாயால் ஊதிப் போடுவார்களாம். அக்கா ஊத விடமாட்டாள். "ஏலே, எச்சி பட்டா இன்னும் பூக்கும்டா" என்று கையில் அடித்துவிட்டு, அழிரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பாள். பிறகுதான் படம் வரும்.

கேமின் இங்கிலீஷ் பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நாங்களே பெயர் வைத்தோம். டாங்கி, வாத்து, தவளைப் படகு, குழித்தாண்டி. இதில் குழித்தாண்டி அக்காவின் சொத்து. ஒரு ஆள் ஓடிக்கொண்டே இருப்பான். குழி வரும்போது சரியான நேரத்தில் பொத்தானை அழுத்தித் தாண்ட வேண்டும். நான் நாலாவது குழியில் போய்ச் சேருவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவாள். அந்த கேமில் ஓடும் பாட்டுக்குச் சொந்தமாக வரியும் போட்டிருந்தாள்.

"மழ வருது, மழ வருது, தார்ப்பாயப் போடு,
உப்பு கரையும், உப்பு கரையும், ஓடுடா ஓடு."

கேம் பெட்டி கெட்டுப்போன பிறகும் அந்தப் பாட்டு போகவில்லை. கல்யாணம் ஆகி முதுகுளத்தூர் போகும்வரை, அளத்தில் அதைப் பாடிக்கொண்டேதான் உப்பு வாருவாள். பலகையைத் தள்ள ஒரு வரி, இழுக்க ஒரு வரி.

இனி போன வருடத்துக்கு வருகிறேன். புரட்டாசியில் அத்தைக்கு ஸ்ட்ரோக் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் வலது கை வலுவிழந்துவிட்டது. பேச்சும் கொஞ்சம் இழுத்தது. அவள் வீட்டுக்காரர், உங்கள் மாமா, கடையையும் பார்த்து ஆளையும் பார்க்க முடியாமல் திண்டாடியதால் நம் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் சில மாதம்தான் முக்கியம், விரலை எவ்வளவு அசைக்கிறாரோ அவ்வளவு திரும்பும், சோர்ந்துபோக விட்டுவிடாதீர்கள் என்றார். அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்து அனுப்பினார்கள்.

அக்கா அதை இரண்டு நாள் அமுக்கினாள். மூன்றாம் நாள் ஜன்னல் வழியாக வீசிவிட்டாள். பக்கத்து வீட்டு ஆடு அதைக் கவ்விக்கொண்டு ஓட, சின்னவன் ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடியதை ஊரே பார்த்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் என் வண்டியில் உப்பு மூட்டை ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் மாதக்கணக்காக போனில் பழைய கேம் விளையாடுபவன். எமுலேட்டர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. அதைப் போட்டால் போனோ கம்ப்யூட்டரோ அந்தக் காலத்துப் பெட்டியைப் போலவே நடிக்கும். அதை நம் பழைய லேப்டாப்பில் போட்டு, டிவியில் மாட்டி, அக்கா கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டால்? பந்தை அமுக்க மாட்டாள், பொத்தானை அமுக்குவாள் இல்லையா?

நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. முதலில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வந்தபோது படத்தின் ஓரம் வெட்டுப்பட்டது. ஜாய்ஸ்டிக்கில் குதி என்றால் ஆள் சுட்டான், சுடு என்றால் குதித்தான். ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். தெரிந்தவர் ஒருவர் பென் டிரைவில் கொடுத்த கேம்கள் மலைபோல் கிடந்தன. எல்லாம் இங்கிலீஷ் பெயர், ஒரே கேம் நாலு பெயரில். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, தெரிந்ததற்கு எங்கள் பெயரை வைத்து, வேண்டாததைத் தனியே ஒதுக்கினேன். டாங்கி ஒரு போல்டர், வாத்து ஒரு போல்டர். எல்லாவற்றுக்கும் மேலே குழித்தாண்டி. "வீட்டுச் சாமானை அடுக்கச் சொன்னா இந்த அக்கறை வராது" என்று உங்கள் அம்மா சொன்னது காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. டிவியில் படம் வந்ததும் அக்கா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, இது குழித்தாண்டிதானே? எங்கனடா பிடிச்ச?"

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தேன். ஆள் ஓடினான். முதல் குழி வந்தது. தொப்பென்று விழுந்தான்.

"அத்த, நீங்க சாம்பியன்னு அப்பா சொன்னாக!" என்றான் சின்னவன்.

"இருடா, வண்டி சூடாக வேணாமா?" என்று சிரித்தாள்.

மறுபடியும் விழுந்தாள். மறுபடியும். எத்தனை முறை ஓடினாலும் அதே முதல் குழி. சின்னப் பிள்ளைகூடத் தாண்டுகிற குழி. "ஜம்ப் அடிங்க அத்த!" என்று பெரியவள் கத்த, "அடிச்சுக்கிட்டுத்தாண்டி இருக்கேன்" என்றாள். கடைசியில் ஜாய்ஸ்டிக்கைக் கோபமாக வீசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகக் கட்டில்மேல் வைத்தாள்.

"கை செத்துப்போச்சுடா தம்பி. வெரலு நெனச்ச நேரத்துக்கு இறங்க மாட்டேங்குது. இனிமே என்னைய இதப் பண்ணு அதப் பண்ணுன்னு சொல்லாதிய."

அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் விரலை நீட்டக்கூட ஒத்துக்கொள்ளவில்லை. நல்லது செய்யப் போய், அவள் கை அவளுக்கே உதவாது என்று நானே சாட்சி காட்டியதுபோல் ஆகிவிட்டது.

மெஷினில் கோளாறு இருக்குமோ என்று வயரை மாற்றினேன். டிவியில் கேம் மோடு என்று ஒன்று இருந்தது, அதைப் போட்டேன். நானே விளையாடிப் பார்த்தேன். முதல் குழி, இரண்டாம் குழி, எல்லாம் சுலபமாகத் தாண்டினேன். அப்படியானால் மெஷின் சரி, கைதான் சரியில்லை என்று எனக்குள் முடிவு கட்டினேன். பிள்ளைகளா, நான் செய்த தப்பு அதுதான்.

இரண்டு நாள் கழித்து நான் சும்மா அதை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறை வாசலில் உட்கார்ந்து இடது கையால் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். டிவியில் பாட்டு வந்ததும் பழக்கத்தில் அவள் வாயும் சேர்ந்து முணுமுணுத்தது. மழ வருது, மழ வருது... அவள் கடைசி ஓடுடா ஓடுக்கு வருவதற்குள் டிவி பாட்டை முடித்து அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது.

"ஏலே, அது எதுக்குடா இந்த ஓட்டம் ஓடுது? நம்ம பாட்டு இப்பிடியா போகும்?"

"மதினி, ஒங்களுக்குப் பேச்சு இன்னும் கொஞ்சம் இழுக்குதுல்ல, அதான் அப்பிடித் தெரியுது" என்றாள் உங்கள் அம்மா, ஆறுதலாக.

"பேச்சு இழுக்குது, சரி. பாட்டுமா மறந்துபோகும்? எத்தன பாத்தி வாரியிருப்பேன் இந்தப் பாட்டுல!"

அந்தச் சொல் என்னை உசுப்பிவிட்டது. எழுந்து நின்றேன். "அக்கா, இன்னொரு தடவ பாடு" என்றேன். கையில் பலகை இல்லாமலே, சும்மா காற்றில் உப்பு வாரிப் பார்த்தேன். தள்ள ஒரு வரி, இழுக்க ஒரு வரி. அக்கா பாட்டுக்கு என் தோளும் இடுப்பும் தானாக வந்தன. பிறகு டிவி பாட்டுக்கு வாரினேன். பேய் பிடித்தவன் மாதிரி ஆடினேன். நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேகத்தில் நாள் முழுக்க எந்த மனிதனும் உப்பு வார முடியாது. இழுக்கிறது அக்கா இல்லை, ஓடுகிறது டிவிதான்.

எமுலேட்டர் பற்றித் தமிழில் பேசும் ஒரு வீடியோவின் கீழே, அக்கா கை விஷயத்தையும் சேர்த்து எனக்குத் தெரிந்த மாதிரி எழுதிக் கேட்டேன். யாரோ ஒருவர், எந்த ஊர் என்றுகூடத் தெரியாது, மறுநாளே பொறுமையாகப் பதில் போட்டிருந்தார். நம் ஊரில் விற்ற பழைய பெட்டி நம் டிவிக்குத் தகுந்தபடி நொடிக்கு ஐம்பது படம் காட்டுமாம். எமுலேட்டர் வெளிநாட்டுக் கணக்கில் அறுபது காட்டுமாம். அதனால் ஆளும் வேகம், பாட்டும் வேகம். ரீஜியன் என்று எந்த நாடு எனக் கேட்கும் இடத்தில் போய் மாற்றினால் போதும் என்று எழுதியிருந்தார். 'அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள், கை சீக்கிரம் சரியாகட்டும்' என்று கடைசியில் ஒரு வரி.

நான் எப்படித் தாண்டினேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. போனில் ஆடி ஆடி என் விரல் புது வேகத்துக்குப் பழகிவிட்டது. அக்கா விரல் பழைய நேரத்துக்குத்தான் இறங்கியது. அதுவும் மிகச் சரியாக இறங்கியிருக்கிறது.

மாற்றினேன். அக்காவிடம் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டை மட்டும் சத்தமாக வைத்தேன். கட்டிலிலிருந்து முணுமுணுப்பு கேட்டது. ஓடுடா ஓடு என்று அவள் முடித்தபோது டிவியும் முடித்தது. அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்க, அதக் குடு."

குழி வந்தது. அந்த வலுவில்லாத கட்டைவிரல் மெல்ல அசைந்து, பொத்தானில் இறங்கியது. ஆள் பறந்தான். அந்தப் பக்கம் போய் நின்றான்.

நாம் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோவென்று குடையோடு வந்துவிட்டார். அதற்குள் டிவியில் ஒரு நண்டு வந்து ஆளைக் கொன்றுவிட்டது. அக்கா கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள்.

"இந்தச் சனியன் பிடிச்ச நண்டு அப்பவும் இங்கனதாண்டா நின்னுச்சு!"

பிறகு சின்னவனைப் பார்த்து, "ஏலே, ஆட்டுக்கிட்டேருந்து அந்தப் பந்த வாங்கிட்டியா? கொண்டா" என்றாள்.

கை முழுக்கத் திரும்பிவிடவில்லை. இன்னும் ஊசியில் நூல் கோர்க்க வராது. ஆனால் கரண்டி பிடிக்கிறாள், ஜடை பின்னுகிறாள். தை பிறந்ததும் மாமா வந்து முதுகுளத்தூருக்குக் கூட்டிப் போனார். போகும்போது ஒரு ஜாய்ஸ்டிக்கை வயரைச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒரு ஆள் தடுமாறினால் அந்த ஆளிடம்தான் குறை என்று நினைக்கிறோம். அவருக்கு முன்னால் ஓடுகிற எதையோ யாரோ முடுக்கி வைத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. இப்போதெல்லாம் யாரையும் மந்தம் என்று சொல்ல வாய் வந்தால், எனக்கு அந்த முதல் குழி ஞாபகம் வருகிறது.

அன்று அக்காவையும் மாமாவையும் பஸ் ஏற்றிவிட்டு அளத்துக்கு வந்தேன். மூட்டை தைத்து முடிய நேரம் இருந்தது. வண்டியில் தனியாக உட்கார்ந்து போனை எடுத்தேன். அதில் இன்னும் அறுபதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ரீஜியனை மாற்றிவிட்டு விளையாடினேன். முதல் குழியிலேயே விழுந்தேன். அவசரப்பட்டு முன்கூட்டியே குதித்திருக்கிறேன். மறுபடி ஓடி, மறுபடி விழுந்தேன். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, மழ வருது மழ வருது என்று ஒரு முறை முழுசாக, அக்கா பாடுகிற வேகத்தில் பாடி முடித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.