தலைமேல் வைக்காத கை

எங்கள் பெரியப்பாவுக்குப் பஞ்சர் கடை. டயரைக் கழற்றி, ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழ் வரும் இடத்தைப் பார்த்து ஒட்டுகிற வேலை. சனிக்கிழமை மாலை மண்ணெண்ணெய் விட்டுக் கையைத் தேய்ப்பார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். ஞாயிறு காலை அந்தக் கையால்தான் ஆலயத்தில் வேதாகமத்தைத் திறந்து, அப்போஸ்தலர்கள் எழுதிய கடிதமான நிருபத்தை வாசிப்பார். காற்றடிக்கும் கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல், மைக்கே வேண்டாம். அவர் அப்போஸ்தலர்களுக்கே காற்று அடித்து அனுப்புகிறார் என்று சபையார் பெரியம்மாவைக் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவருக்கு உயிரான வரிகள் ஒரு குட்டி நிருபத்தின் கடைசியில் வருகின்றன. நம்மை விழாமல் காத்து, தம் மகிமைக்கு முன்னால் குற்றமில்லாமல் நிறுத்துகிற கடவுளுக்கே மாட்சியும் வல்லமையும் அதிகாரமும் என்று முடியும். ஆராதனை முடிவில் அதை ஆசீர்வாதமாகச் சொல்லும்போது போதகர் கையை உயர்த்துவார். போதகர் வராத வாரங்களில் பெரியப்பா சொல்வார். ஆனால் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கையை உயர்த்துவதும் தலைமேல் வைத்து ஆசீர்வதிப்பதும் குருப்பட்டம் பெற்றவருக்கு மட்டும் உரியது என்பார். அந்தப் பிடிவாதம் எனக்கு அப்போதே பிடிக்காது, முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன்.

பெரியம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு மதியம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. போதகருக்குப் போன் செய்தோம். வேறொரு சபையில் கல்யாணம் நடத்திக்கொண்டிருக்கிறேன், முடித்ததும் வருகிறேன் என்றார். பெரியம்மா கணவரைப் பார்த்தாள்.

“நீங்களே சொல்லுங்க. தலைமேல கைய வச்சுச் சொல்லுங்க.”

“போதகர் வந்திடுவாரும்மா. அது எனக்குக் குடுத்த அதிகாரம் இல்ல.”

“எனக்கு உங்க கைதாங்க வேணும்.”

பெரியப்பா கட்டிலருகே நின்று அந்த வரிகளைச் சொன்னார். கம்ப்ரசரை அமுக்கிய குரல் உடைந்து போயிற்று. கை மட்டும் பின்னாலேயே இருந்தது. வையுங்கள் பெரியப்பா என்று நான் கெஞ்சினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போதகர் வருவதற்குள் போய்விட்டாள்.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவர் அழுததைப் பார்த்த பிறகு அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவர் போதகரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். செய்தது சரிதான் என்று ஒரு வார்த்தை கேட்க ஆசைப்பட்டிருக்க வேண்டும். போதகர் நல்ல மனிதர். பெரியப்பாவின் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்.

“வச்சிருக்கலாமே அண்ணா. நான் என்ன சொல்லப் போறேன்?”

பெரியப்பா வீட்டுக்கு வந்ததும் நேராக அந்தக் கட்டிலுக்குப் போய், அவள் தலையணைப் பக்கம் உட்கார்ந்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

“வச்சிருக்கலாமாம்.”