வெய்யோவின் பசையும் எங்கள் சனிக்கிழமையும்

என் வீட்டுக்காரன் வெய்யோவுக்குக் கடையில் விற்கும் எதன் மீதும் நம்பிக்கை கிடையாது. கயானி நகரப் பேருந்துப் பணிமனையில் முப்பது வருடமாக இன்ஜின் சூட்டோடு மல்லுக்கட்டுகிறவன். கம்ப்யூட்டரின் சில்லுக்கும் அதன் மேல் உட்காரும் குளிர்விப்பானுக்கும் நடுவே, சூட்டைக் கடத்த ஒரு பசை தடவுவார்கள். அதையும் வீட்டிலேயே செய்கிறேன் என்று கிளம்பிப் பதினோரு வருடம் ஆகிறது.

குழந்தைகளின் பின்புறப் புண்ணுக்குப் போடும் துத்தநாகக் களிம்பு, மீன் ஈரல் எண்ணெய் சேர்த்தது. அதோடு இன்னும் துத்தநாகத் தூள், கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய். எல்லாவற்றையும் என் கேக் கிண்ணத்தில் போட்டுக் குழைப்பான். வருவது, தொத்திறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளக் குழாயில் விற்கும் கடுகு விழுதின் நிறத்தில் இருக்கும். காலியான கடுகுக் குழாயின் அடியை வெட்டிக் கழுவி, இதை அடைத்து, மடித்து வைப்பான்.

"மேல ஒரு பேராவது எழுதித் தொலையேன்."

"எது எதுன்னு எனக்குத் தெரியாதா, டெல்லர்வோ?"

எங்கள் குடியிருப்பில் முப்பது வீட்டுக்கும் சேர்த்து அடித்தளத்தில் ஒரே சவுனா, அடுப்பில் காயும் கற்களில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கும் அறை. வாரம் ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்கு. சனிக்கிழமை மாலை ஆறு மணி முறை யாராவது செத்தாலோ காலி செய்தாலோதான் கிடைக்கும். ஒன்பது வருடம் காத்திருந்தோம். அந்த முறையை வைத்திருந்த ஹோலோபைனன் கிழவர் மகளோடு இருக்கப் போய்விட்டார் என்று கேட்டபோது நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அது பொய்.

அந்தச் சனிக்கிழமையைத்தான் இந்த மனிதன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பந்தயம் கட்டிவிட்டு வந்தான். எதிராளி மாடிவீட்டு ரெய்னோ. அவனுக்குச் செவ்வாய்க்கிழமை நாலு மணி முறை.

"யோவ், குழந்தை சூத்துல தடவுறதை எல்லாம் கம்ப்யூட்டர்ல தடவினா அது ஜில்லுனு ஆயிடுமா?" என்று ரெய்னோ கேட்டிருக்கிறான். இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தோற்றால் சனிக்கிழமை ரெய்னோவுக்கு, செவ்வாய் எங்களுக்கு. ஜெயித்தால் ரெய்னோ இனிமேல் கடைப் பசையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. என்ன ஒரு லாபகரமான பேரம்!

பள்ளிக்கூடம் கழித்துவிட்ட இரண்டு கம்ப்யூட்டர்களைச் சவுனாவின் உடை மாற்றும் அறையில் வைத்தார்கள். இரண்டும் ஒரே ரகம். ரெய்னோ தன்னுடையதில் கடைப் பசை தடவினான். வெய்யோ தின்பண்டமும் இருந்த எங்கள் பையைத் துழாவிக் குழாயை எடுத்துத் தடவினான். மூக்குக்கண்ணாடியை நீராவிக்குப் பயந்து மேலே வீட்டிலேயே வைத்துவிட்டான். மூக்கோ நவம்பரிலிருந்து அடைப்பு. இரண்டு கம்ப்யூட்டருக்கும் முழு வேலை கொடுத்துவிட்டு உள்ளே போனோம். எங்கள் மணி முடியும்போது எது குறைந்த சூட்டில் இருக்கிறதோ அது ஜெயித்தது.

வெளியே வந்து பார்த்தால் ரெய்னோவுடையது எழுபத்தொன்று டிகிரி, எங்களுடையது அறுபத்தொன்பது. வெய்யோ சத்தம் போடவில்லை, காது மட்டும் சிவந்தது. எனக்குத்தான் குதிக்க வேண்டும் போல இருந்தது.

அடுப்புக் கற்களின் மேல் தாளில் சுற்றி வைத்திருந்த தொத்திறைச்சியை எடுத்தேன். பையில் மிச்சமிருந்த குழாயைப் பிதுக்கி ஒரு கடி கடித்தேன். மீன் எண்ணெய் வாடை, சுவருக்குப் பூசும் பட்டியின் ருசி. அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கம்ப்யூட்டரைக் குளிர வைத்தது கடுகு.

துப்பினால் சனிக்கிழமை போய்விடும். விழுங்கினேன்.

வெய்யோ குழாய்க்குக் கை நீட்டினான்.

"வேண்டாம், கடுகு கெட்டுப்போச்சு. சும்மாவே சாப்பிடு."

"கடுகு எங்கயாவது கெட்டுப்போகுமா?"

பிதுக்கினான், கடித்தான், மெல்வதை நிறுத்தினான். கம்ப்யூட்டரை அணைத்து, குளிர்விப்பானைக் கழற்றி, விரலால் வழித்து நாக்கில் வைத்தான்.

"ரெய்னோ, இது கடுகு. என் பசை போட்டிக்கே வரல. சனிக்கிழமை உன்னுது."

ரெய்னோ முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ என்னோடது கடுகுகிட்டயா தோத்துச்சு? இன்னொரு தடவை வெச்சுப் பாத்துடலாம்யா."

"நம்ம மணி முடிஞ்சுது," என்றான் வெய்யோ. ஏழு மணிக்காரர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது செவ்வாய் நாலு மணிக்குப் போகிறோம். முந்தின நாள் ஈரம் காயாமல் பலகையெல்லாம் சில்லென்று கிடக்கும். வெய்யோவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கடுகு காய்ந்துபோகாமல் இருக்க எதைச் சேர்க்கலாம் என்றுதான் பேச்சு. எனக்குத்தான் அவனைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது.

போன வாரம் திடீரென்று கேட்டான்: "அன்னைக்கு நீதானே முதல்ல கடிச்ச. உனக்குத் தெரியலையா?"

நான் ஒரு கரண்டித் தண்ணீரைக் கற்களில் ஊற்றினேன்.

"தெரிஞ்சுது. விழுங்கிட்டேன்."

வெய்யோ நெருங்கி உட்கார்ந்தான்.

"சுடச்சுடத்தானே விழுங்கின? உண்மையைச் சொல்லு, தொண்டையில கொஞ்சமாவது ஜில்லுனு இருந்துச்சா?"