சர்க்கார் மீன்

தூத்துக்குடித் துறைமுகத்தின் உப்புக்காற்று கோரம்பள்ளம் குளக்கரை வரைக்கும் வருகிறது. என்னிடம் ஒரு வலை, இரண்டு வாளி, மீன் இலாகாவின் உத்தரவு. யுத்தத்துக்கு முன்பு, கொசுப்புழுவைத் தின்பதற்காக விட்ட சீமைமீன் இப்போது கெண்டைக் குஞ்சுகளைத் தின்கிறது. புதுக் குஞ்சு விடுவதற்குள் அதை அள்ளியாக வேண்டும்.

குளத்தின் குத்தகைக்காரர் வலையின் மறுநுனியைப் பிடிக்க மறுக்கிறார்.

"அது சர்க்கார் மீனும்மா. தொட்டா அபராதம்."

"யார் சொன்னது அண்ணாச்சி?"

"தொப்பி வச்ச இன்ஸ்பெக்டர் ஐயா. டின்னுல கொண்டாந்து விட்டுட்டுச் சொன்னாவ. வலையில விழுந்தாலும் திருப்பி விட்டிருதோம். எங்க கெண்டை போச்சு, வாக்கு மாறல."

அந்த டின் என் மடியில்தான் இருந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. மாட்டுவண்டி குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் பாவாடையில் சிந்தும்; "மீன் பத்திரம்" என்று அப்பா திரும்பித் திரும்பிப் பார்ப்பார். இந்தக் கரையில் நின்று அபராதம் என்று சொல்லும்போது குரலைக் கனமாக்கிக்கொண்டார். வண்டியில் ஏறியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படியொரு சட்டமே கிடையாது.

உத்தரவை நீட்டுகிறேன். குத்தகைக்காரர் வாங்கவில்லை.

"காயிதம் எதுக்கு? அந்த ஐயா வந்து சொல்லட்டும்."

"அவர் இப்போது இல்லை அண்ணாச்சி. நான் அவர் மகள்."

என் முகத்தில் அப்பாவின் சாயலைத் தேடுகிறார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலைநுனியோடு தண்ணீரில் இறங்குகிறார்.

"மொத மீனை நீ எடு தாயி. அபராதம் வந்தா உங்க வீட்டோட போகட்டும்."