நாலு இஞ்சு மூணு நூல்

அலுவலகத்தில் என் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பசுமலையில் வீடு. அந்த வீட்டு முன்னறைச் சுவரைப் பார்த்த நாளிலிருந்துதான் எனக்கு வயிற்றெரிச்சல். மருந்துக் கடையில் மாத்திரை கேட்டேன். "காரம் சாப்ட்டீங்களாண்ணே?" என்றார் கடைக்காரர். சுவரைப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா?

அந்தச் சுவரில் தேக்கில் ஒரு கேசட் அலமாரி. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் கடை வாசலில் காத்துக் கிடந்து பதிவு செய்து வாங்கிய அந்தக் காலத்துக் கேசட்டுகள், முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. என்னிடமும் அதே மாதிரி உண்டு. சொல்லப்போனால் அவரைவிட அதிகம். ஆனால் என்னுடையவை அட்டைப்பெட்டியில் முடங்கிக் கிடந்தன, அவருடையவை கொலுவிருந்தன.

"அண்ணே, எம்புட்டு அழகா இருக்கு! எங்க வாங்குனீங்க?" என்றாள் என் மனைவி.

"வாங்கலம்மா. ஆபீஸ் விட்டு வந்து, சாயங்காலம் சாயங்காலம் நானே செஞ்சது."

இவள் அவரை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்ததில் நான் அவருக்கு மாப்பிள்ளை முறையாகிவிட்டேன். அவர் 'மாப்ள' என்பார், நான் 'மச்சான்' என்பேன். முறையோடு பொறாமையும் சேர்த்தி உண்டா தெரியவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

விளாங்குடியில் எங்கள் வீட்டில் அப்போது மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய ஜன்னல்களைக் கழற்றியதில் தேக்குச் சட்டங்கள் மிஞ்சியிருந்தன. பசுமலையிலிருந்து வண்டியில் திரும்பும்போதே சொல்லிவிட்டேன். "நம்ம முன்னறைக்கும் நானே ஒண்ணு செய்யிறேன்."

பின் சீட்டில் சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது. "நீங்களா? நீங்க அடிச்ச ஆணியில காலண்டரே நிக்க மாட்டேங்குது."

"செஞ்சு காட்டுறேன்."

"பால் காய்ச்சுற அன்னைக்குள்ள காட்டுங்க. இல்லைன்னா அந்தச் சுவத்துக்குக் கண்ணாடி ஷோகேஸ், உங்க கேசட்டெல்லாம் பரணுக்கு. சம்மதமா?"

சம்மதம் என்றேன். எங்கள் வீட்டுப் பரணுக்கு ஏறிய எதுவும் இதுவரை இறங்கி வந்ததில்லை.

அன்றிலிருந்து பகலில் ஆபீஸ் பில், சாயங்காலத்தில் மரம். அவனியாபுரத்தில் தெரிந்த பட்டறையில் சட்டங்களைப் பலகையாக அறுத்து, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். "தொட்டிலுக்காய்யா? என்ன புள்ள?" என்று விசாரித்தார் பக்கத்தில் இருந்த அம்மா. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கட்டைவிரல் ரேகை காணாமல் போய், ஆபீஸ் வருகைப் பதிவு மெஷின் என்னை யாரென்றே தெரியாது என்றது. மேனேஜருக்கும் கிட்டத்தட்ட அதே அபிப்பிராயம்தான்.

அளவுதான் சிக்கல். சிமெண்ட் தூசிக்குப் பயந்து கேசட்டுகளை மாமியார் வீட்டில் வைத்திருந்தோம். மச்சானிடம் கேட்டால் நொடியில் சொல்லிவிடுவார். ஆனால் அவரிடம் போய்க் கேட்பதா? அதற்கு ஷோகேஸே வந்துவிடலாம்.

ஒருநாள் டீ நேரத்தில் அடுத்த பிரிவுக்காரர் ஒருவர் அவரிடம் அதையே கேட்டார். "கேசட் நிக்கிறதுக்கு உயரம் நாலு இஞ்சு மூணு நூல். அம்புட்டுத்தான்" என்றார் மச்சான். நான் கம்ப்யூட்டரில் ஏதோ தொலைந்த கோப்பைத் தேடுபவன்போல முறைத்துக்கொண்டே, மேசைக்கு அடியில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

நூல் என்றால்? ஸ்கேலை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் இஞ்சு. மறுபக்கம் நூல் நூலாக மெல்லிய கோடுகள். மில்லிமீட்டர்! தச்சு வேலைக்காரர்கள் எவ்வளவு அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள் என்று மெய்சிலிர்த்தேன். நாலு இஞ்சும் மூன்று மில்லிமீட்டரும் உயரம் வைத்து, லாட்ஜ் மாதிரி ஒவ்வொரு கேசட்டுக்கும் தனி அறை தடுத்தேன். வார்னிஷ் அடித்து மாட்டியபோது பலகையில் என் முகம் தெரிந்தது. மச்சான் முகத்தைவிட லட்சணமாகத்தான் இருந்தது.

பால் காய்ச்சும் நாள். பால் நல்லபடியாகப் பொங்கியது. மாமியார் கேசட் பெட்டிகளோடு வந்து இறங்கினார். மச்சானும் குடும்பத்தோடு வந்தார். அவர் மனம் கொஞ்சமாவது நோக வேண்டுமே என்கிற நல்லெண்ணத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "மச்சான், மொதக் கேசட்ட நீங்க வைங்க."

வைத்தார். போகவில்லை. கேசட்டின் பிளாஸ்டிக் டப்பா மேல்பலகையில் தலையை இடித்தது. வேறொன்றை எடுத்தார், வேறு அறையில் வைத்தார். அதுவும் இடித்தது.

"என்னங்க, உள்ள போக மாட்டேங்குது?" என்றாள் மனைவி. அவள் கண்ணில் ஷோகேஸ் கண்ணாடி மின்னியது.

மச்சான் என் காதருகே குனிந்தார். "மாப்ள, நூலுன்னா மில்லிமீட்டருன்னு நெனச்சுட்டியா? இஞ்சுக்கு எட்டு நூலுய்யா. அன்னைக்கே ஏங்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல?"

மூன்று நூல் என்பது பத்து மில்லிமீட்டரை நெருங்கும் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் ஒட்டுக்கேட்டது அவருக்கு அன்றே தெரியும் என்பதும். புதிதாகப் போட்ட டைல்ஸைப் பார்த்தபடி நின்றேன். நல்ல டைல்ஸ்.

'டக்' என்று சத்தம். மச்சான் டப்பாவைத் திறந்து, கேசட்டை மட்டும் உருவி அறைக்குள் தள்ளினார். அம்சமாக நின்றது.

"தங்கச்சி, இங்க பாரு. மாப்ள டப்பா இல்லாம வைக்கிறதுக்குன்னே செஞ்சிருக்காப்ல. எடுத்த கையோட டேப்புல போட்டுக்கலாம்." சொன்னதோடு நிற்காமல் போட்டும் காட்டினார். பழைய பாட்டு கொஞ்சம் அழுதுவிட்டுத் தொடங்கியது. வந்தவர்கள் கைதட்டினார்கள்.

என் மனைவி அலமாரியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாருக்கேண்ணே! உங்களுக்குத்தான் இப்புடியெல்லாம் தோணும்."

காப்பாற்றிவிட்டார். நல்லவராகவும் இருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

ஆக, சுவர் எனக்குக் கிடைத்தது. பரணுக்குக் காலி டப்பாக்கள் மட்டும் ஏறின. வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்து அசந்து நின்றால், "எங்க அண்ணன் ஐடியா" என்கிறாள். அறுத்தது நான், தேய்த்தது நான், ரேகையைத் தொலைத்தது நான். அந்தத் தப்பு ஒன்றாவது முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதையும் அந்த மனுஷன் எடுத்து டிசைன் ஆக்கிக்கொண்டுவிட்டார்.