அறுவடைப் படத்தில் மெனெகோ

பிரென்டா ஆற்றங்கரையில் எங்கள் பண்ணைக் குத்தகைக்காரர்களில் மெனெகோவைப் போல வாயாடி கிடையாது. பிப்ரவரியில் எல்ம் மரத்தில் ஏறித் திராட்சைக் கொடியைக் கட்டும்போது கிளை முறிந்து விழுந்தான். உயிர் தப்பியது, முதுகு தப்பவில்லை. இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாகத் திருகிக்கொண்டது.

அதை வெளியே சொல்ல முடியாது. எங்களுக்குக் குத்தகை ஆண்டுக்கு ஆண்டுதான். உழைக்க முடியாதவன் நவம்பரில் புனித மார்ட்டின் திருநாளன்று வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அதனால் அவன் பங்கு வேலையை மனைவி பெத்தாவும் இரண்டு மகள்களும் செய்தார்கள். காரியஸ்தர் சுவானே வரும்போது மட்டும் மெனெகோ ஒரு மரத்தில் சாய்ந்து அரிவாளைத் தீட்டியபடி ஏதாவது கேலி பேசி அனுப்பிவிடுவான். ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஜூன் அறுவடையின்போது ஓவியர் லத்தான்சியோ வயலுக்கு வந்தார். பண்ணையார் அல்விசே தன் சாப்பாட்டுக் கூடத்துக்கு நான்கு பருவங்களின் வேலைகளையும் வரையச் சொல்லியிருந்தார். இருந்த அத்தனை ஆட்களையும் விட்டுவிட்டு ஓவியரின் கண் மெனெகோ மேல் விழுந்தது.

அப்படியே அசையாமல் நிற்கச் சொன்னார்.

"அசைஞ்சாத்தானய்யா அதிசயம்" என்றான் மெனெகோ.

பெத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. களி கிண்டிக்கொண்டே சொன்னாள்: "யோவ், வயித்துவலின்னு படுத்துக்க. அந்தாளு பாக்குற பார்வை சரியில்ல."

"அடி போடி. பண்ணையாரு தினமும் சாப்புடறப்ப என்னைத்தான் பாக்கப்போறாரு. கையில அரிவாளோட நிக்கிறவனை எவன் வெரட்டுவான்?"

அவன் அதை உண்மையிலேயே நம்பினான்.

எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். படுவா நகரத்தில் படித்துவிட்டு வந்து பண்ணையாருக்குக் கடிதங்கள் எழுதிக்கொடுத்தேன். அதனால், செப்டம்பரில் அந்தப் படத்தை மாட்டிய அன்று நானும் கூடத்தில் இருந்தேன். படத்தில் பின்னால் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறார்கள், பெண்கள் சாப்பாட்டுக் கூடை சுமந்து வருகிறார்கள். எல்லோருக்கும் முன்னால் மெனெகோ. கழுத்தை நீட்டி, விரல்களை மெலியவைத்து, உடம்பைத் தீச்சுடர்போல முறுக்கி வரைந்திருந்தார். முகம் மட்டும் அச்சு அசல் அவனேதான்.

விருந்துக்கு வந்த ஒருவர், இப்படி நிற்கும் மனிதன் உலகத்தில் உண்டா என்று சிரித்தார். ஓவியருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் கற்பனை இல்லீங்க. இந்தப் பண்ணையில இருக்குற மெனெகோதான். அவன் நிக்கிறதே இப்படித்தான். நாள் பூரா நிமிரவேயில்ல."

எல்லோரும் படத்தை மெச்சினார்கள். பண்ணையார் சுவானேயைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் சுவானே களத்துக்குப் போனார். நான் உடன் போனேன். அவர் ஒரு கோதுமை மூட்டையைக் காட்டி வண்டியில் ஏற்றச் சொன்னார். பெத்தா முந்திக்கொண்டு குனிந்தாள்.

"நீ இரு தாயி. அவன் தூக்கட்டும்."

மெனெகோ குனிந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. கடைசியில் சுவானேதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. திருநாள்வரை இருந்துகொள் என்று மெல்லச் சொன்னார்.

திருநாளன்று பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொடுத்தவர்கள் புதிதாகக் குடிவந்தவனின் மகன்கள். மெனெகோ மெத்தைமேல் கோணலாகப் படுத்துக்கொண்டு, குழந்தை ஏசுவைப்போல ஊர்வலம் போவதாகக் கேலி பேசினான். யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் படத்துக்கு நல்ல பெயர் கிடைத்திருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் லத்தான்சியோ அதைத் திரும்பத் திரும்ப வரைந்து கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பண்ணை மாளிகைச் சுவர்களிலெல்லாம் மெனெகோ இடம்பிடித்திருந்தான். மெனெகோவின் குடும்பம் குத்தகைக்கு இடம் கேட்டுப் போன மூன்றாவது பண்ணையில் நடந்ததைப் பெத்தாதான் எனக்குச் சொன்னாள். அங்கே இருந்த காரியஸ்தன் வண்டியை எட்டிப் பார்த்திருக்கிறான்.

"அட, நம்ம கூடத்துல தொங்குற ஆளு" என்றவன், வீட்டுக்குள்ளிருந்த பெண்களை வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டானாம். அவர்கள் பார்த்து முடித்ததும் கதவைச் சாத்தினான்.