மஞ்சள் டோஃபுவும் எங்கள் புரட்டாசியும்

புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. ஆனால் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலையில் இட்லி, தோசையைக் குறைத்துப் புரதம் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு வாரமாக, குழாய் போன்ற பாக்கெட்டில் வரும் மஞ்சள் டோஃபுவைக் கீரையோடு வதக்கிக் கொடுத்தேன். சர்க்கரை அளவைத் தினமும் நோட்டில் எழுதுகிறேன். நன்றாகவே இறங்கியது.

இன்று காஜா பெராங் சாலைக் கடையில் இன்னும் நான்கு எடுத்தேன். கல்லாவில் இருந்த சீன அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆன்ட்டி, புவாசா கான்? இனி அடா தெலோர்லா!”

விரதம்தானே, இதில் முட்டை இருக்கிறதே என்று மலாயில் சொல்கிறார். பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் அப்படியே இருந்தது. டோஃபு என்றாலே சோயாதான் என்று இருந்துவிட்டேன். நான்கையும் அங்கேயே திருப்பி வைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் வாசலிலேயே நிற்கிறார்.

“பார்த்தியா, இன்னிக்கும் சுகர் இறங்கிருச்சு! எல்லாம் பெருமாள் அருள்.”

“இல்லங்க, அந்த டோஃபு...”

“அதேதான்! படம் புடிச்சு பஜனைக் குழுவுக்கே அனுப்பிட்டேன். எல்லாரும் வாங்குறாங்களாம்.”

பூஜை அறையில் விழுந்து பெருமாளிடம் சொல்லிவிட்டேன். இவரிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.

பஜனைக் குழுவினரே, அதை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் பிரிக்காதீர்கள். முட்டையில்லாத வேறு யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள். இவர் பேஸ்புக் பார்ப்பதில்லை. தயவுசெய்து இவருக்குப் போன் போட்டு நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.